ஆத்துமாவுக்கு என்ன விலை?

உங்கள் கணவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இன்றோடு வேலையை விட்டுவிட்டேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கையிலிருக்கும் காப்பித் தம்ளர் நழுவுமா, நழுவாதா? அதுவும் சாதாரண வேலை இல்லை. ராஜாவுக்கு அடுத்தபடியான உத்தியோகம். பெரிய வீடு, சொந்தப் படகு, எட்டுப் படகோட்டிகள், ஏவலுக்கு ஆட்கள், வாசலில் காத்திருக்கும் பிரபுக்கள். அத்தனையும் இன்றோடு சரி என்று கணவர் சொல்கிறார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்!

1532-ஆம் வருஷம் மே மாதத்தில், இங்கிலாந்தில் ஆலிஸ் என்ற குடும்பத் தலைவிக்கு இதுதான் நேர்ந்தது. அவளுடைய கணவர் ஸர் தாமஸ் மோர். எட்டாவது ஹென்றி ராஜாவின் சான்சலர். அதாவது, ராஜ முத்திரையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நியாயஸ்தலத்துக்கும் தலைமை வகிக்கும் மந்திரி.

அந்த நாளில் ஓர் வழக்கம் உண்டு. திருநாட்களில் கோயிலில் பூசை முடிந்ததும், மோரின் சேவகர்களில் ஒருவர் ஆலிஸ் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து, பிரபு புறப்பட்டுவிட்டார் என்று மரியாதையாக அறிவிப்பார். பதவியை விட்ட பிறகு வந்த திருநாளன்று சேவகரைக் காணோம். மோரே வந்தார். தலை தாழ்த்தி வணங்கி, பிரபு போய்விட்டார் அம்மணி என்றார். ஆலிஸ் அதை வழக்கமான வேடிக்கை என்று எண்ணினாள். வேடிக்கை இல்லை, பிரபு பட்டம் நிஜமாகவே போய்விட்டது என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

வேலை போனதற்குக் காரணம் என்ன? லஞ்சமா? இல்லை. ராஜாவின் கோபமா? அதுவும் அப்போது இல்லை. ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள மோரின் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இயேசுநாதர் தம் சீடர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. உலகம் பூராவும் ஒருவனுக்குச் சொந்தமானாலும், அதற்காக ஆத்துமாவைப் பறிகொடுத்தால் அவன் கண்ட லாபம் என்ன என்று கேட்கிறார். கவனித்தீர்களா? பயமுறுத்தும் பேச்சு அல்ல இது. கடைக்காரன் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கும் வரவு செலவுக் கேள்வி. இந்தக் கணக்கைத் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் தாமஸ் மோர். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நதிக்கரை வீடு

மோர் 1478-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் வக்கீல், பிறகு நீதிபதியும் ஆனார். மகனும் சட்டம் படித்தார். வாலிபத்தில் துறவியாகிவிடலாமா என்று ஆழ்ந்து யோசித்தவர், பிறகு இல்லறத்தைத் தேர்ந்துகொண்டார். ஜேன் என்ற பெண்ணை மணந்தார். மூன்று பெண்கள், ஒரு பிள்ளை. 1511-ல் ஜேன் இறந்துபோனாள். சிறு குழந்தைகள் நாலு பேரை வைத்துக்கொண்டு தவித்த மோர், ஒரு மாதத்துக்குள் ஆலிஸ் என்ற விதவையை மணந்துகொண்டார்.

ஆலிஸ் அவரைவிட மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் குடும்பத்தைக் கட்டிக் காப்பதில் கெட்டிக்காரி. மாற்றாந்தாய் என்று சொல்ல இடம் வைக்காமல் குழந்தைகளை வளர்த்தாள். நடு வயதை எட்டிய அவளைக் கணவர் நயமாகப் பேசிப் பேசியே நாலு வாத்தியங்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ள வைத்தார் என்று, அவர் நண்பரான எராஸ்மஸ் என்ற பேரறிஞர் எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டின் இன்னொரு அதிசயம் பெண்களின் படிப்பு. பெண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தாலே போதும் என்றிருந்த காலத்தில், மோர் தம் பெண்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லி வைத்தார். மூத்தவள் மார்கரெட் அதில் கொடிகட்டிப் பறந்தாள். பரமண்டல ஜெபத்தைப் பற்றி எராஸ்மஸ் லத்தீனில் எழுதிய நூலை அவள் ஆங்கிலத்தில் பெயர்த்தாள்; 1524-ல் அது வெளிவந்தது. அப்போது அவளுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை.

லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் நதிக்கரையில், செல்சீ என்ற இடத்தில் வீடு. புத்தகசாலை, தோட்டம், பழமரங்கள், பேரன் பேத்திகள் எல்லாம் இருந்தன. இத்தனைக்கும் நடுவே மோர் ஒரு ரகசியம் வைத்திருந்தார். உயர்ந்த உடுப்புக்கு அடியில், உடம்பை உறுத்தும் முரட்டு ரோமச் சட்டை ஒன்று அணிந்திருப்பார். சுகத்தில் மனம் அமிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்துப் பக்திமான்கள் கைக்கொண்ட தவம் அது. அதை யாருக்கும் தெரியாமல் துவைத்துக் கொடுத்தவள் மார்கரெட்.

கையுறைக்குள் நாற்பது பவுன்

ஆசை காட்டுகிற உலகம் முதலில் பணப்பையைத்தான் நீட்டும். மோர் விஷயத்திலும் நீட்டிப் பார்த்தது.

அவர் சான்சலராயிருந்தபோது ஒரு பணக்கார விதவையின் வழக்கில் அவள் பக்கம் தீர்ப்பானது. புது வருஷப் பரிசாக அவள் ஒரு ஜோடிக் கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே நாற்பது பவுன் பெறுமானமுள்ள பொற்காசுகள்! மோர் காசைக் கொட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையுறையை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு சீமாட்டி தரும் புது வருஷப் பரிசை அடியோடு மறுப்பது மரியாதை அல்லவே!

பிறகு, மதத்துக்காக அவர் எழுதிய நூல்களைப் பாராட்டி, பிஷப்புகள் எல்லோரும் கூடி நாலாயிரம் ஐயாயிரம் பவுன் திரட்டிக் கொடுக்க முன்வந்தார்கள். அந்த நாளில் அது ஒரு ராஜ்ய சொத்து. தமக்கும் வேண்டாம், தம் குடும்பத்துக்கும் வேண்டாம் என்றார் மோர்.

பதவியை விட்டபோது அவருக்கு மிஞ்சிய வருஷ வருமானம் நூறு பவுனுக்குச் சற்று மேல். பெரிய படகைத் தமக்குப் பின் வந்த சான்சலருக்கே கொடுத்துவிட்டார். வேலைக்காரர்களுக்கு வேறு இடங்களில் வேலை தேடித் தந்தார். பிறகு பிள்ளைகள், மருமக்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் குடும்பச் செலவைப் பேசினார். முதல் வருஷம் சட்டக் கல்லூரிப் பெரியவர்கள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிடலாம். கட்டாவிட்டால் அடுத்த வருஷம் ஒரு படி இறங்கலாம். அதற்கும் அடுத்து ஆக்ஸ்போர்டு மாணவர்களின் சாப்பாட்டுக்கு வரலாம். அதுவும் முடியாவிட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி வீடு வீடாகப் பிச்சை எடுக்கலாம், எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்றார். குளிர் காலத்தில் படுக்கப் போகுமுன் காய்ந்த செடிகளை ஒரு கட்டுக் கொண்டுவந்து ஒரே அறையில் எரித்து, குடும்பம் முழுவதும் அந்த ஒரே தணலில் குளிர் காய்ந்ததாக அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பணம் தோற்றுவிட்டது. ஆனால் உலகத்தின் கையில் பணத்தைவிட வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது.

எல்லோரும் செய்தார்கள்

ஹென்றி ராஜாவுக்குக் காதரின் ராணியிடம் உயிரோடிருந்தது ஒரே பெண் குழந்தை. ஆண் வாரிசு வேண்டும். ஆன் பொலின் என்ற பெண்ணின் மேல் மையலும் வந்துவிட்டது. காதரினோடு நடந்த கலியாணம் செல்லாது என்று போப்பாண்டவர் சொல்ல வேண்டும் என்றான். அவர் சொல்லவில்லை. அப்படியானால் இங்கிலாந்துத் திருச்சபைக்கு நானே தலைவன் என்று ராஜா கிளம்பினான். 1532 மே 15-ஆம் தேதி பாதிரிமார் சபை அவனுக்குப் பணிந்தது. மறுநாளே மோர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் ராஜாவை எதிர்த்து ஊர் ஊராகப் பேசவில்லை. மௌனமாக வீட்டில் இருந்தார். அந்த மௌனத்தைத்தான் ராஜாவால் பொறுக்க முடியவில்லை. 1533 ஜூன் முதல் தேதி ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா. விழாவுக்குப் புது அங்கி வாங்கிக்கொண்டு வரும்படி மூன்று பிஷப்புகள் இருபது பவுன் அனுப்பினார்கள். மோர் பணத்தை வாங்கிக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை. நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்றுக்கு இணங்கிவிட்டேனே, மற்றதை மறுக்கலாம் அல்லவா என்பது அவர் சமாதானம்!

1534-ல் புதுச் சட்டம் வந்தது. ஆன் பொலினின் பிள்ளைகளுக்கே பட்டம் என்று பிரமாணம் செய்ய வேண்டும். பட்டம் யாருக்கு என்பது பார்லிமெண்டின் பொறுப்பு. அதற்குப் பிரமாணம் செய்ய மோர் தயார். ஆனால் அந்தப் பிரமாணத்தின் வாசகம் முதல் கலியாணமே செல்லாது என்றது. போப்பாண்டவரின் அதிகாரத்தையும் தள்ளியது. அதை அவர் உள்ளம் ஏற்கவில்லை.

ஏப்ரல் 13-ஆம் தேதி லாம்பெத் அரண்மனைக்கு வரும்படி உத்தரவு. மோர் எப்போது வெளியே போனாலும் மனைவி மக்கள் படகுத் துறை வரை வருவார்கள். முத்தமிட்டு விடை கொடுத்துவிட்டுப் போவார். அன்று ஒருவரையும் வரவிடவில்லை. தோட்டத்துச் சிறு கதவைத் தம் கையாலேயே இழுத்து மூடிவிட்டுப் படகில் ஏறினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருமகன் ரோப்பரின் காதோடு காதாக, சண்டையில் ஜெயித்துவிட்டேன், கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். என்ன சண்டை என்று மருமகனுக்கு அப்போது விளங்கவில்லை. தமக்குள்ளிருந்த வீட்டு ஆசையோடு அவர் போட்ட சண்டை என்பது பின்னால்தான் விளங்கிற்று.

லாம்பெத்தில் மோர் பிரமாணத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மறுத்தார். யோசித்துச் சொல்லும்படி ஓர் அறையில் இருக்க விட்டார்கள். ஜன்னல் வழியே தோட்டம் தெரிந்தது. லண்டன் பாதிரிமார்கள் கூட்டம் கூட்டமாக வந்து பிரமாணம் செய்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கிராய்டன் ஊர்ப் பாதிரியார் நேரே பானம் வழங்கும் இடத்துக்குப் போய்ச் சுவாதீனமாகக் கேட்டு வாங்கிக் குடித்ததை, மோர் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் குறும்பாக வருணிக்கிறார்.

"எல்லோரும் செய்துவிட்டார்களே, நீர் மட்டும் என்ன?" என்பதுதான் அன்றைய கேள்வி. இந்தக் கேள்வியை நாம் கேட்டதில்லையா, அல்லது நம்மை யாரும் கேட்டதில்லையா? பிஷப்புகளில் மறுத்தவர் ராசெஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷர் ஒருவர்தான். நாலு நாள் கழித்து மோரை லண்டன் டவர் கோட்டையில் அடைத்தார்கள்.

மனைவி போட்ட கணக்கு

ஆலிஸ் சிறைக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததுமே பொரிந்து தள்ளினாள். இத்தனை நாள் புத்திசாலி என்று பெயர் எடுத்த நீங்கள், இந்த அழுக்குப் பொந்தில் எலிகளோடு முடங்கிக் கிடக்கலாமா? பிஷப்புகளும் படித்தவர்களும் செய்ததைச் செய்தால் இன்றே வீட்டுக்கு வரலாமே! செல்சீயில் அழகான வீடு இருக்கிறது. புத்தகம் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. நான் இருக்கிறேன், குழந்தைகள் இருக்கிறார்கள். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு இங்கே ஏன் கிடக்கிறீர்கள்?

ஆலிஸைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவள் கேட்டதில் ஒரு சொல்லாவது நியாயமற்றதா? கணவனைத் திருடச் சொன்னாளா, பொய்க் கணக்கு எழுதச் சொன்னாளா? வீட்டுக்கு வாருங்கள் என்றாள், அவ்வளவுதான். ஆத்துமாவுக்கு வருகிற பெரிய சோதனை எப்போதும் கொம்பும் வாலும் வைத்துக்கொண்டு வருவதில்லை. நமக்குப் பிரியமானவர்களின் குரலில், நம் சொந்த வீட்டுக் கூடத்தின் வாசனையோடு வரும்.

மோர் கோபிக்கவில்லை. இந்த இடமும் நம் வீட்டைப் போல மோட்சத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்டார். நான் செத்து ஏழு வருஷம் கழித்து எழுந்து அந்த வீட்டுக்குப் போனால், உள்ளே இருப்பவர்கள் என்னை வெளியே போ என்று விரட்டுவார்கள். எஜமானனை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும் வீட்டின் மேல் நான் என்ன ஆசை வைப்பது என்றார்.

இன்னொரு சம்பாஷணையும் வழங்கி வருகிறது. அந்தச் சுகத்தை இன்னும் எத்தனை வருஷம் அனுபவிக்கலாம் என்று மோர் கேட்டாராம். இருபது வருஷமாவது இருக்கலாமே என்றாளாம் ஆலிஸ். ஆயிரம் வருஷம் என்று சொன்னாலும் ஏதோ பெரிசு என்னலாம். முடிவில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆயிரம் வருஷத்தை வாங்குகிறவன்கூட மோசமான வியாபாரிதானே என்றாராம் அவர்.

ஆலிஸுக்கு இது புரியவும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? டவரில் கைதியின் சாப்பாட்டுக்குக் குடும்பம்தான் பணம் கட்ட வேண்டும். மோருக்கும் அவருடைய வேலைக்காரனுக்குமாக வாரம் பதினைந்து ஷில்லிங். 1535 மே மாதம் ராஜாவின் மந்திரி தாமஸ் கிராம்வெல்லுக்கு அவள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வேறு வழியில்லாமல் தன் உடுப்புகளில் சிலவற்றை விற்றுப் பணம் கட்டுவதாக அதில் எழுதியிருக்கிறாள். கணவருடைய கொள்கையை ஒப்புக்கொள்ளாத மனைவி, அவர் கொள்கைக்காகச் சிறையில் இருப்பதற்குத் தன் உடுப்பை விற்றாள்! நல்ல வியாபாரி மோர் ஒருவர் மட்டும்தானா?

மகள் போட்ட கணக்கு

ஆலிஸின் வாதத்தைத் தாங்கியவருக்கு மார்கரெட்டின் வாதம் இன்னும் கடினமாயிருந்தது. மார்கரெட் படித்தவள், அப்பாவின் உயிர். தெய்வச் சட்டத்துக்கு ஒத்தவரையில் என்ற நிபந்தனையோடு அவள் பிரமாணம் செய்துவிட்டிருந்தாள். அப்பாவும் அப்படி ஏதாவது செய்து உயிர் பிழைக்கக் கூடாதா என்று மன்றாடினாள். அவளைப் பார்த்து மோர், ஏவாள் அம்மா வந்துவிட்டாளா என்று சிரித்தார். ஆதாமிடம் கனியை நீட்டிய ஏவாளும் அன்போடுதானே நீட்டியிருப்பாள்!

அப்போது அவர் சொன்னதுதான் இந்த வரலாற்றுக்கே உயிர்நாடி. மற்றவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், படித்தவர்களாகவே இருக்கலாம். ஆனால் என் ஆத்துமாவை நான் இன்னொருவர் முதுகில் குத்திவைத்து அனுப்ப மாட்டேன், அவர் அதை எங்கே கொண்டுபோவாரோ யார் கண்டது என்றார். பிரமாணம் செய்தவர்களை அவர் பழிக்கவில்லை. மகளையும் பழிக்கவில்லை. அவரவர் மனச்சாட்சிக்கு அவரவர் பொறுப்பு என்றார். அப்பாவும் மகளும் அன்று பிரிந்தபோது அன்பு ஓர் அணுவும் குறையவில்லை.

புத்தகம் கட்டிய இருவர்

1535 ஜூன் 12-ஆம் தேதி, மோரிடமிருந்த புத்தகங்களையும் எடுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். கூட வந்தவன் ரிச்சர்ட் ரிச் என்ற அரசாங்க வக்கீல். வயதில் இளையவன், மேலே மேலே போகத் துடிப்பவன். மோரிடம் நட்பாகப் பேச்சுக் கொடுத்தான். புத்தகம் போன பிறகு மோர் ஜன்னலை மூடிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். கேட்டதற்கு, சரக்குப் போன பிறகு கடையைச் சாத்த வேண்டியதுதானே என்றாராம். எழுதுகோலும் இல்லை. கரித்துண்டால் மகளுக்குக் கடிதம் எழுதினார்.

ஜூலை முதல் தேதி விசாரணை. ராஜா திருச்சபைக்குத் தலைவன் அல்ல என்று வாயால் சொன்னால் ராஜத் துரோகம், மரண தண்டனை. மோர் சொல்லவே இல்லை. மௌனம் சம்மதம் என்பதல்லவா சட்டம் என்று வாதாடினார். அப்போது ரிச் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்றைக்குப் பேசும்போது என்னிடம் சொன்னார் என்று சத்தியம் செய்தான். அது பொய், மெய்யானால் நான் கடவுளின் முகத்தைக் காணாமற் போவேனாக என்றார் மோர்.

புத்தகங்களைக் கட்டிய இருவர் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒருவர் பெயர் சவுத்வெல், இன்னொருவர் பாமர். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புத்தகங்களை மூட்டை கட்டுவதில் மும்முரமாக இருந்தோம், என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ரிச்சைவிட இந்த இருவரைப் பற்றித்தான் அதிகம் யோசனை ஓடுகிறது. நம்மில் பெரும்பாலோர் ரிச்சைப் போலக் கூண்டேறிப் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டோம். மோரைப் போல உயிரைக் கொடுக்கும் சந்தர்ப்பமும் நமக்கு வராது. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்று சொல்லும் சந்தர்ப்பம் வாரம் ஒன்றாவது வருகிறது! பக்கத்து வீட்டு மருமகள் படும் பாடு நமக்குக் கேட்பதில்லை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. வேலைக்காரியின் மேல் அநியாயமாகப் பழி விழும்போது நமக்குத் தெரிவதில்லை. அப்போதுதான் பீரோவை அடுக்கிக்கொண்டிருந்தோம். உலகம் முழுவதும் கிடைத்தா ஆத்துமாவை விற்கிறோம்? சும்மா ஒரு நாள் நிம்மதிக்கே கொடுத்துவிடுகிறோமே!

ஜூரிகள் கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். ஸ்தேவானைக் கொல்ல உடன்பட்ட பவுலும் அந்த ஸ்தேவானும் இன்று மோட்சத்தில் நண்பர்களாக இருப்பதைப் போல, நாமும் அங்கே சந்தோஷமாகச் சந்திப்போம் என்று நீதிபதிகளிடம் சொல்லிவிட்டு மோர் திரும்பினார்.

டவர் துறையில் மார்கரெட் காத்திருந்தாள். ஈட்டிகளும் கோடரிகளும் ஏந்திய காவலாட்களை விலக்கிக்கொண்டு ஓடி, எல்லோர் முன்னிலையிலும் அப்பாவைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். சில அடி போனவள் மறுபடி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜூலை 5-ஆம் தேதி கரித்துண்டால் எழுதிய கடைசிக் கடிதத்தில் மோர் அந்த முத்தத்தைத்தான் மெச்சி எழுதினார். ரோமச் சட்டையையும் அவளுக்கே அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அவர் தலை வெட்டுண்டது. ராஜாவுக்கு நல்ல ஊழியன்தான், ஆனால் முதலில் கடவுளுக்கு ஊழியன் என்ற கருத்தில் பேசிவிட்டு இறந்தார்.

கணக்கின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாயிருக்கும். ஆனால் முழு உண்மையாகாது. மோர் சான்சலராயிருந்த காலத்தில், கத்தோலிக்க சபையின் போதனையை மறுத்தவர்கள் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அது சரி என்றே மோர் எழுதினார். அவர்களும் தங்கள் ஆத்துமாவை இன்னொருவர் முதுகில் குத்தி அனுப்ப மறுத்தவர்கள்தானே? தம் மனச்சாட்சியின் விலையை அறிந்த அந்தப் பெரியவர், எதிர்க்கட்சியாரின் மனச்சாட்சிக்கு அதே விலை போடத் தவறிவிட்டார். இதை மறைப்பது அவருக்கும் மரியாதை அல்ல.

மோர் இறந்து பதினோரு வருஷம் கழித்து, அதே டவரில் ஒரு பெண். பெயர் ஆன் ஆஸ்க்யூ. வயது சுமார் இருபத்தைந்து. மோருக்கு நேர் எதிரான கொள்கை அவளுக்கு. சீர்திருத்தச் சபையின் நம்பிக்கை. அரண்மனைச் சீமாட்டிகளில் உன் கூட்டாளிகள் யார் யார், சொல் என்று கேட்டு, கை கால்களை இழுத்து முறிக்கும் யந்திரத்தில் அவளைக் கிடத்தினார்கள். கோட்டை அதிகாரியே, இனி முடியாது என்று விலகிக்கொண்டார். அப்போது பிரபுக்கள் இருவர் மேலங்கியைக் கழற்றிவிட்டுத் தாங்களே யந்திரத்தைத் திருகினார்கள். அவர்களில் ஒருவன் நம் ரிச்சர்ட் ரிச்! அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை. நடக்க முடியாத அவளை 1546 ஜூலை 16-ஆம் தேதி நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போய் எரித்தார்கள்.

மோர் ஒரு சபை, ஆஸ்க்யூ ஒரு சபை. ஆனால் இருவர் பேரேட்டிலும் ஒரே தொகைதான் எழுதியிருக்கிறது.

ரிச் என்ன ஆனான்? இடி விழுந்து செத்தான் என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆன் பொலின் 1536-ல் வெட்டுண்டாள். கிராம்வெல் 1540-ல் வெட்டுண்டார். ரிச் மட்டும் ராஜாவுக்குத் தக்கபடி மாறி மாறிப் பிழைத்தான். பிரபுவானான். 1547-ல், ஒரு காலத்தில் மோர் வகித்த அதே சான்சலர் பதவி அவனுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம்கூட ஸ்தாபித்தான். 1567-ல், பெருஞ் செல்வத்தோடு இறந்தான். உலகம் அவனை ஏமாற்றவில்லை, பேசியபடி கொடுத்துவிட்டது. இயேசுநாதரின் கேள்வி இங்கேதான் நம்மைக் கூர்மையாகத் தைக்கிறது. உலகத்தை நாடுகிறவனுக்கு அது கிடைக்காது என்று அவர் சொல்லவே இல்லை. கிடைக்கும், ஆனால் கொடுத்த விலை என்ன என்றுதான் கேட்டார்.

ஆலிஸ் சொத்தை இழந்தாள். 1537-ல் ராஜா அவளுக்கு வருஷம் இருபது பவுன் ஜீவனாம்சம் கொடுத்தான். லண்டன் பாலத்தில் குத்திவைத்திருந்த அப்பாவின் தலையை மார்கரெட் மீட்டுக் காப்பாற்றினாள். 1544-ல் இறந்தாள். நானூறு வருஷம் கழித்து, 1935-ல், போப்பாண்டவர் மோருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2000-ல் அரசியல்வாதிகளின் பாதுகாவலராகவும் அறிவித்தார்கள்.

நமக்கு டவரும் கோடரியும் வரப் போவதில்லை. நமக்கு வருவது சிறு சிறு தாள்கள். பள்ளியில் இடம் கிடைக்கக் குழந்தையின் பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடும் தாள். சலுகைக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டும் தாள். கலியாணப் பேச்சில் ஒரு வியாதியை மறைத்துவிட்டுச் செய்யும் நிச்சயதார்த்தம். எல்லோரும் செய்வதுதான் என்று யாராவது அன்போடு சொல்வார்கள். பெரும்பாலும் நாமே சொல்வோம்!

அப்போது கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது எத்தனை வருஷத்துக்கு? இதில் என் ஆத்துமாவை யார் முதுகில் குத்துகிறேன்? வீட்டில் யாராவது இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தால், உங்களுக்கு அது பிடிக்காமலிருக்கலாம். ஆலிஸுக்கும் பிடிக்கவில்லை. வாய் விட்டுத் திட்டுங்கள்; பாதகமில்லை. திட்டிவிட்டு, அவளைப் போலவே அவர்கள் பக்கத்தில் இருங்கள்.